சமோசா: வடசென்னை வகைகள்

சமோசா என்பது மைதா உறைக்குள் காய்கறியோ கறியோ வைத்து மூடி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் முக்கோணப் பலகாரம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் டீக்கடைகளில் அதிகம் விற்பது மெல்லிய வெங்காய சமோசா. பக்கத்திலுள்ள சவுகார்பேட்டையின் வடஇந்தியப் பலகாரக் கடைகளில் பருத்த உருளைக்கிழங்கு சமோசா கிடைக்கும். ரம்ஜான் மாதத்து மாலைகளில் கறி சமோசாவும் சேர்ந்துகொள்ளும். இவற்றை உள்ளே வைக்கும் பூரணத்தின் பெயரால் பிரிப்பதே வழக்கம். ஆனால் சமோசாவின் உறவுமுறையைச் சரியாகக் காட்டுவது உறைதான். பூரணம் ஊரின் விளைச்சலுக்கும் விலைவாசிக்கும் ஏற்ப எளிதில் மாறும். மாவைக் கையாளும் முறை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

வெங்காய சமோசாவின் உறை இரண்டு முறை சூடு காண்பது. மைதா உருண்டைகளைத் தட்டி, நடுநடுவே எண்ணெய் தடவி மாவு தூவி அடுக்கி, ஒன்றாகவே மெல்லியதாகத் தேய்த்து, கல்லில் அரைவேக்காடாக வாட்டிப் பிரிப்பார்கள். பிரித்த ஷீட்டை நீள நீளமாக வெட்டி, கூம்பாக மடித்து, பூரணம் வைத்து, மைதாப் பசையால் ஒட்டுவார்கள். வெங்காயம் தண்ணீர் விடும். அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளப் பூரணத்தில் அவல் கலப்பதும் உண்டு. உருளைக்கிழங்கு சமோசாவின் உறை வேறு. மாவில் நெய்யோ டால்டாவோ, கூடவே ஓமமும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, தேய்த்த வட்டத்தைப் பாதியாக வெட்டி, பச்சை மாவாகவே மடித்து, மிதமான சூட்டில் நிதானமாகப் பொரிக்க வேண்டும். வங்காளத்துச் சிங்காரா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

வடக்கின் சமோசாவே மூலம், மெல்லியது அதன் மலிவு வடிவம் என்று ஒரு வாதம் உண்டு. காலவரிசை இதை ஏற்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் தில்லி அரசவையில் பரிமாறிய சமோசாவை இப்னு பதூதா வர்ணித்திருக்கிறார்: கொத்துக்கறியும் வெங்காயமும் பாதாம், பிஸ்தா முதலியனவும் வைத்து, மெல்லிய ரொட்டியில் பொதிந்து நெய்யில் பொரித்தது. உருளைக்கிழங்கு இந்தியாவுக்கு வந்ததே ஐரோப்பியர் வழியாகத்தான். ஆகவே டீக்கடை முக்கோணம் குறைந்துபோன வடிவமல்ல; அதன் உறை அந்தப் பழைய விவரிப்புக்கே நெருக்கமானது. பூரணம்தானே சுவையைத் தீர்மானிக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. வாங்குபவருக்கு அந்தப் பெயர் போதும், உண்மைதான். ஆனால் வகை பிரிக்க அது உதவாது. ஹைதராபாத்தின் லுக்மியிலும் ரம்ஜான் சமோசாவிலும் உள்ளே கொத்துக்கறியே இருக்கலாம். லுக்மியோ சதுரமானது, பிசைந்த மாவை அப்படியே மடித்துச் செய்வது.

மெல்லிய உறைக்காரர்கள் கடலோரங்களில் நிறைய. கிழக்கு ஆப்பிரிக்காவின் சம்பூசாவும் வளைகுடா நாடுகளின் சம்பூசாவும் இப்படிப்பட்டவை. பர்மாவின் சமூசாவும் அப்படியே. பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபின் ஏராளமான தமிழர் கப்பலேறிச் சென்னைக்குத் திரும்பினார்கள். எண்ணூர்ப் பக்கமும் குடியேறினார்கள். பாரிமுனையில் அவர்கள் தொடங்கிய அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகள் இன்றும் புகழ்பெற்றவை. பர்மாவில் சமூசாவைத் துண்டு துண்டாக வெட்டி, முட்டைக்கோஸ், வெங்காயம், கொண்டைக்கடலை, புதினாவோடு பிசைந்து உண்பார்கள். பிசைந்தபிறகும் மெல்லிய உறையின் மொறுமொறுப்பு ஓரளவு நிற்கும்.