குற்றச்சாட்டு வனைதலை எதிர்த்தல் (இந்தியா)

காவல்துறையின் இறுதி அறிக்கையையும் அதனுடன் இணைந்த ஆவணங்களையும் ஆராய்ந்து, எதிரி எந்தச் சட்டப்பிரிவின்கீழ் எக்குற்றத்துக்குப் பதிலளிக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் எழுத்தில் வரையறுத்து அவருக்குப் படித்துக் காட்டுவது குற்றச்சாட்டு வனைதல் எனப்படும். சாட்சி விசாரணை இதன் பின்னரே தொடங்குவதால், முகாந்திரமற்ற வழக்கில் சிக்கியவர் பல்லாண்டு அலைச்சலிலிருந்து தப்ப இக்கட்டத்தில் கிடைக்கும் விடுவிப்பு அருமையான பாதுகாப்பாகும்.

1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணை முறைச் சட்டம், அமர்வு நீதிமன்ற வழக்குகளில் நடுவர் நடத்திவந்த முன்விசாரணையை நீக்கி, விடுவிக்கும் பொறுப்பை 227ஆம் பிரிவின்வழி அமர்வு நீதிபதியிடம் ஒப்படைத்தது. அதே சட்டம், வழக்குகள் இழுபடுவதைத் தவிர்க்கும் நோக்கில், இடைநிலை ஆணைகள்மீது சீராய்வு, அதாவது கீழ் நீதிமன்ற ஆணையின் சட்டப் பொருத்தத்தை மேல் நீதிமன்றம் சரிபார்ப்பது, கூடாது என்று 397(2)ஆம் பிரிவில் தடை விதித்தது. குற்றச்சாட்டு வனையும் ஆணையும் அத்தடைக்குள் அடங்குமா என்ற கேள்வி நாற்பதாண்டுக்கு மேல் நீடித்தது.

மகாராஷ்டிரச் சட்ட அமைச்சராயிருந்த ஏ. ஆர். அந்துலே தொடர்பான அவதூறு வழக்கில் தம்மீது குற்றச்சாட்டு வனையப்பட்டதை எதிர்த்துச் சோசலிசத் தலைவர் மது லிமயே தாக்கல் செய்த சீராய்வை, இத்தடையைக் காட்டிப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 1977இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, எதிரியின் வாதம் ஏற்கப்பட்டிருந்தால் வழக்கே முடிந்துபோகும் எனில், அவ்வாதத்தை நிராகரிக்கும் ஆணை வெறும் இடைநிலை ஆணை ஆகாது என்றது. ஆயினும் சிறப்பு நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ் எழுந்த வி. சி. சுக்லா வழக்கில் (1980) குற்றச்சாட்டு வனையும் ஆணை இடைநிலை ஆணையே எனத் தீர்ப்பானதால் குழப்பம் நீடித்தது. 2018இல் ஏசியன் ரீசர்ஃபேசிங் வழக்கில்தான் அவ்வாணை முற்றிலும் இடைநிலைத் தன்மையுடையதன்று என்றும், உயர் நீதிமன்றம் மிக அரிதாகவே தலையிட வேண்டும் என்றும் தெளிவாயிற்று. அத்தீர்ப்பு, தடையாணைகள் ஆறு மாதத்தில் தாமாகக் காலாவதியாகும் என விதித்ததை, 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நீக்கியது.

எதிரி தம் தரப்பு ஆவணத்தை இக்கட்டத்தில் காட்டலாம் என்று 1996இல் சதீஷ் மெஹ்ரா வழக்கில் திறந்த வாயிலை, தேவேந்திரநாத் பாதி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2004இல் அடைத்தது. விசாரணைக்குள் மற்றொரு விசாரணை நுழைவதைத் தடுக்க அது உதவினும், மறுக்கவியலாத ஆவணம் கையிலிருப்பவருக்கு அது கடுமையான விதியே.

குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 250ஆம் பிரிவின்படி, அமர்வு நீதிமன்ற வழக்கில் விடுவிப்பு மனுவை, வழக்கு அந்நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.