தேசவழமையும் அறத்தீர்ப்பும்

சென்ற காலத்தாரின் செயல்களை இன்றைய அளவுகோல் கொண்டு அளத்தல் தகுமா என்பது வரலாற்று மாணவன் தவிர்க்கவியலாத வினாவாகும். அறம் காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்டது, பிழை என்றும் பிழையே என்பர் ஒரு சாரார். அவ்வக்காலத்து வழக்கே அவ்வக்காலத்து நீதி என்பர் மற்றொரு சாரார். இவ்விரு நிலைப்பாடுகளையும் யாழ்ப்பாணத்து அடிமைமுறையின் வரலாற்றைக் கொண்டு சோதித்துப் பார்த்தல் பயனுடையதாகும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாண மக்களின் வழக்காறுகளைத் திசாவை கிளாஸ் ஐசாக் தொகுத்து 1707 இல் நிறைவுசெய்தார். அதன் தமிழாக்கம் முதலியார் பன்னிருவரிடம் கையளிக்கப்பட்டு அவர்களது ஒப்புதலும் பெறப்பட்டது. இத்தொகுப்பே தேசவழமை. நிலம், சீதனம், ஈடு என்பவற்றோடு அடிமைகளும் இதில் இடம்பெறுகின்றனர். நான்கு சாதியினர் அடிமைகளாகக் குறிக்கப்படுகின்றனர். வெவ்வேறு எசமானர்க்குரிய அடிமைகள் மணந்து பெறும் பிள்ளைகள் தாயின் எசமானுக்கே உரியர் என விதிக்கப்படுகின்றது.

'அது அக்காலத்து வழக்கு' என இதனைக் கடந்து செல்வோர் உளர். ஆயின், அது யாருடைய வழக்கு? ஒப்புதல் அளித்தோர் முதலியார்கள். தன் பிள்ளை பிறர் உடைமையாவதைக் கண்டிருந்த தாயல்லள். உடையோரின் குரல் இங்கு ஊரின் குரலாகப் பதிவாகிவிட்டது. அன்றியும், வழக்கு மாற்றவொண்ணாததாகவும் இருக்கவில்லை. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஓகஸ்ட் 12 ஆம் திகதி முதல் பிறக்கும் அடிமைக் குழந்தைகள் சுதந்திரராவர் என இலங்கையின் அடிமை உடைமையாளர் பலர் உடன்பட்டனர்.

அவ்வாறாயின் முதற் சாராரின் கட்சியே முற்றாக வென்றதோ எனின், அதுவும் எளிதன்று. அடிமைமுறையை ஒழிப்பதாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1833 இல் இயற்றிய சட்டம், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள்புலங்களையும் சென்ற் ஹெலனாவையும் இலங்கையையும் விலக்கியே வைத்தது. இழப்பீடாக ஒதுக்கப்பட்ட இரண்டு கோடி பவுணும் எசமானர்க்கே உரித்தாயிற்று. இலங்கையில் 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே அடிமைமுறையை முற்றாக நீக்கியது. எங்கும் பொருந்துவதாக எடுத்துரைக்கப்பட்ட அறத்துக்கும் நாட்டெல்லை இருந்தது.

பிழையைப் பிழையெனக் கூறத் துணிதல் வரலாற்று மாணவனின் கடனே. ஆனால், தீர்ப்புரைப்பவன் தன்னை வரலாற்றுக்கு வெளியே நிறுத்திக்கொள்ளலாகாது. 1844 இல் அடிமை என்னும் பெயர் நீங்கிய பின்னரும், 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வேண்டியிருந்தது. அதன் பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்டோர் போராட நேர்ந்தது. அன்று அவர்களைத் தடுத்தோரும் வழக்கத்தையே காரணமாகக் காட்டினர்.

ஆகவே, ஒரு வழக்கத்தை எடைபோடுமுன், அதனைச் சுமந்தோரிடம் எவரேனும் கருத்துக் கேட்டனரா என வினவுதல் வேண்டும். முதலியார் பன்னிருவரைக் குறைகூறும் நாம், இன்று எவ்வெவற்றுக்கு வழக்கம் என்று ஒப்பமிடுகின்றோம் என்பதையும் அவ்வினாவே நமக்குக் காட்டும்.