சுவரிலிருந்து கண்ணாடிக்கு: சென்னைப் புறநகரில் ஒரு கூலிமுறையின் வரலாறு

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பம் போன்ற மேற்குப் புறநகர் ஊர்களில் சன்னல் கண்ணாடி துடைப்பது அண்மைக்காலம் வரை தனித் தொழிலாக இருந்ததில்லை. மரக்கதவும் இரும்புக் கம்பியும் கொண்ட சன்னல்களை வீட்டாரே துடைத்துக்கொள்ள, வெளியாளை அழைத்துக் கூலி பேசும் வழக்கம் சுவருக்கு வெள்ளையடிப்பதோடு நின்றது. ஆகவே கண்ணாடி துடைப்போர் இன்று விலை சொல்லும் முறையின் வேரை வெள்ளையடிப்போரிடமும் அவர்களுக்குப் பின் வந்த பெயின்டர்களிடமும் தேடுவதே பொருத்தம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி, வெண்மை தூக்கிக் காட்ட நீலமும், கையில் ஒட்டாதிருக்கக் கோந்தும் கலந்து, போகிக்கு முன்பே மட்டையால் அடித்து முடிக்கப்பட்ட அப்பணிக்கு நாட்கூலியோ, மேஸ்திரி வீட்டைச் சுற்றிப் பார்த்துச் சொல்லும் மொத்தத் தொகையோதான் விலை. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபின், டெண்டர் வழியே நடக்கும் பெரிய வேலைகள் இப்பகுதியில் பெருகின. அவற்றில் வாய்ப்பேச்சு செல்லாது, அளந்தாக வேண்டும்.

கட்டடப் பணிகளை அளப்பதற்கான ஐ.எஸ். 1200 என்னும் இந்தியத் தர விதி, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசும்போது பரப்பை எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியலே தருகிறது. மேடுபள்ளமான பலகைச் சன்னலுக்குப் பக்கத்துக்கு 1.3, முழுதும் கண்ணாடி பதித்ததற்கு 0.8 மட்டுமே. அதாவது பெயின்டரின் கணக்கில் கண்ணாடி என்பது கூலியைக் குறைக்கும் பொருள். அதன்மேல் தெறித்த சொட்டுகளைப் பிளேடால் சுரண்டி எடுப்பதோ, தனிக் கூலி கேட்க முடியாத வேலை.

இந்தக் கணக்கு தலைகீழானதற்கு 2000ஆம் ஆண்டை எல்லையாகக் கொள்ளலாம். அவ்வாண்டில்தான் திருப்பெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை, உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் மிதவைக் கண்ணாடியைத் தயாரிக்கத் தொடங்கியது. தரமணியில் டைடல் பார்க்கும் திறக்கப்பட்டது. சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வர, 1936இல் எட்டோரே ஸ்டெக்கோனே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பித்தளைப் பிடிக் கருவியின் வழிவந்ததும், இங்கே வைப்பர் என்றே வழங்குவதுமான ரப்பர்த் துடைப்பான் தனித் தொழிலுக்குரிய கருவியாயிற்று.

விலை மட்டும் பெயின்டர் பரப்பை அளந்த சதுர அடிக் கணக்கிலேயே தங்கிவிட்டது; அது கண்ணாடிக்குப் பொருந்தாத அளவு என்றே சொல்ல வேண்டும். தரைத்தளக் கண்ணாடியும் நான்காம் மாடிக் கண்ணாடியும் பரப்பில் ஒன்றாயினும், கயிறு கட்டி பெல்ட் மாட்டி இறங்கும் நேரமும் ஆபத்தும் ஒன்றல்ல. ஆகவே அனுபவமுள்ளவர் உயரம், ஒருபக்கமா இருபக்கமா, புதுக் கட்டடத்தின் சிமென்ட் கறை உண்டா என்பனவற்றைத் தனித்தனியே எழுதிக் கொட்டேஷன், அதாவது வேலைக்கு முன் தரும் விலைக் குறிப்பு, கொடுக்கிறார்.

தொழிலாளி தன்னை அறிமுகப்படுத்தும் முறையும் இதனோடு மாறியது. முன்பு பெயின்ட் கடைக்காரரின் ஒரு சொல்லே போதுமான சிபாரிசு, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தபின் பெயின்டர்களுக்கு அடையாள அட்டை கிடைத்தது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் நிறுவன வாயில்களில் வரி எண்ணுள்ள பில் எதிர்பார்க்கப்படுகிறது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவையாளர் பொதுவாக அவ்வரிக்குப் பதிவுசெய்யத் தேவையில்லை என்பதே சட்டம். ஆயினும் வரி எண் இல்லாதவர், அவ்வெண்ணுள்ள ஏஜென்சி ஒன்றின் கீழ் மீண்டும் நாட்கூலிக்கே போகிறார். அளந்து விலை சொல்லும் உரிமை ஏஜென்சியிடம் சேர்கிறது.