வீட்டின் உள்பக்கம்

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 சண்டையில் இடிந்துபோனது. அங்கிருந்த கல்லறைக் கற்களின் எழுத்துகளை ஜே. பி. லூயிஸ் 1913இலேயே நூலில் பதிந்திருந்தார். அடக்கப்பட்டவர்களின் பெயராவது மிஞ்சியது.

அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் நாங்கள் சோனகத் தெருவை விட்டு வெளியேற்றப்பட்டோம். எங்களுக்கு லூயிஸ் இல்லை. அல்பங்களும் வீட்டோடு போயின. மிஞ்சிய கலியாணப் படங்களில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு துண்டுச் சுவர்தான் தெரிகிறது. முற்றம் எங்கே, அடுப்படி எந்தப் பக்கம் என்பதை உம்மம்மாமார் கையால் காட்டித்தான் அறிகிறோம்.

இன்று 360 பாகைப் பனோரமா எடுக்க ஒரு போன் போதும். அறையின் நடுவில் போனை ஒரே புள்ளியில் வைத்து, நாம்தான் அதைச் சுற்றி வரவேண்டும். கையை நீட்டிக்கொண்டு சுழன்றால் தூண் இரண்டாக உடைந்து தெரியும். ஒவ்வொரு படமும் முந்தியதில் மூன்றிலொரு பங்கையாவது தொடட்டும். அப்போது மிஹ்ராபும் வாசலும் முகட்டு மரமும் ஒரே படத்துக்குள் வரும்.

பழைய பள்ளிவாசல்களுக்கு டைல்ஸ் ஒட்ட முன், இடிந்த வீடுகளை விற்க முன் எடுத்துவிடுவோம். கூரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எது அறை, எது அடுப்படி என்று சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவோம்.