தொலைகட்டுப்பாட்டுக் கார் கிட்

வானொலி அலையால் ஓடும் சிறு காரைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கி, வாங்கியவரே பூட்டி ஓட்டும் பொழுதுபோக்குச் சாதனம். கடையிலிருந்து கொண்டுவந்ததுமே ஓடும் ரிமோட் பொம்மை இதில் சேராது. கிட் பெட்டியில் கியர்கள், டிஃபரன்ஷியல், ஸ்டியரிங் கம்பிகள், ஷாக் அப்சார்பர் எல்லாம் உதிரியாகவே இருக்கும். அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு என்பது இன்று பரவலாக உள்ள அளவு.

ஜப்பானின் மசுதாயா நிறுவனம் ரேடியோவால் இயங்கும் தகரப் பேருந்தை 1955இலேயே விற்றது. அது முழுமையாகச் செய்து முடித்த பொம்மை. இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் 1966இல் ஃபெராரி 250 எல்.எம். காரைச் சிறு வடிவில் கொண்டுவந்தது. அடுத்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எட்டில் ஒரு பங்கு அளவிலான எஞ்சின் கார்கள் வந்தன. மெத்தனால் கலந்த எரிபொருள், புகை, காதைத் துளைக்கும் இரைச்சல், கையைக் கடிக்கும் விலை: அது பெரியவர்களின் விளையாட்டாகவே இருந்தது.

சிறுவர்களுக்கு இந்தக் கதவைத் திறந்தது ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள டாமியா நிறுவனம். 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய அது, 1951இல் தீ விபத்தில் சரக்கை இழந்து, மர மாதிரிகள் செய்வதில் இறங்கி, 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. போர்ஷே 934 பந்தயக் காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு மாதிரியை உருவாக்குவதற்காக, நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா அசல் போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அந்த உடலுக்குள் மின்மோட்டாரையும் ரேடியோவையும் வைத்து 1976 இறுதியில் விற்பனைக்கு வந்ததுதான் டாமியாவின் முதல் தொலைகட்டுப்பாட்டுக் கார். மின்சாரத்தில் ஓடியதால் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை.

1979இல் வந்த ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் இரண்டும் மணலிலும் மேட்டிலும் ஓடின. மணலும் நீரும் புகாதபடி ரேடியோவை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். 1984இல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் வந்தன. இரண்டுக்கும் அடித்தளம் ஏறக்குறைய ஒன்றே. கிராஸ்ஹாப்பருக்குச் சிறிய 380 மோட்டார், ஹார்னெட்டுக்குப் பெரிய 540. விலை குறைவு, அடிபட்டாலும் தாங்கும். சாண்ட் ஸ்கார்ச்சரின் உலோக வேலைப்பாட்டின் முன் கிராஸ்ஹாப்பர் மிக எளிய வண்டிதான். ஆனால் இளைஞர்களைத் திருப்புளி பிடிக்க வைத்த வகையில் அதுவே முக்கியமானது என்று சொல்லத் தோன்றுகிறது. அதே ஆண்டு ஜப்பான் தொலைக்காட்சியில் டாமியா கார்ப் பந்தய நிகழ்ச்சியும் தொடங்கியது. கோரோகோரோ என்ற சிறுவர் இதழின் சித்திரக் கதைகளிலும் இந்தக் கார்கள் ஓடின.

கட்டும் முறையையும் சொல்ல வேண்டும். விளக்கக் கையேட்டில் படங்களே பேசும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவையான திருகாணி அதன் உண்மை அளவிலேயே வரையப்பட்டிருக்கும். கையிலுள்ளதைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சரியானதா என்று தெரிந்துவிடும். ஹார்னெட்டின் உடல் நிறமற்ற பாலிகார்பனேட் தகடு. அதைக் கத்தரியால் வெட்டி, உட்புறத்தில் வண்ணம் பூச வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும்போது முதலில் பூசிய வண்ணமே முன்னே தெரியும் என்பதால், நுணுக்கமான பட்டைகளை முதலில் பூசிவிட்டுப் பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள். திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல வேண்டியது ஏன் என்பதை டிஃபரன்ஷியலைத் தன் கையால் பூட்டிய சிறுவனுக்குக் கரும்பலகையில் விளக்க வேண்டியதில்லை.

ஓட்டுவதில் அன்று தொல்லைகள் உண்டு. ஆறு நிக்கல்-காட்மியம் செல்கள் சேர்ந்த 7.2 வோல்ட் பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒரே அலைவரிசைப் படிகத்தை இருவர் பொருத்தியிருந்தால் ஒருவரின் கட்டளைக்கு மற்றவரின் கார் திரும்பும். 2000களில் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இந்தச் சிக்கலைத் தீர்த்தது.

கலிபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்.சி.10, அலுமினிய அடித்தளத்தோடு பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டது. 1987இல் இங்கிலாந்தின் ரோம்சியில் நடந்த உலகப் போட்டியில், நான்கு சக்கர உந்து பிரிவில் வென்ற ஜப்பானியர் மசாமி ஹிரோசாகாவுக்கு அப்போது வயது 17. அவர் பின்னர் மொத்தம் 14 உலகப் பட்டங்கள் பெற்றார்.

1986இல் தொடங்கிய அமெரிக்காவின் டிராக்ஸஸ் போன்ற நிறுவனங்கள் பூட்டி முடித்த கார்களைப் பரப்பின. வாங்கிய அன்றே ஓட்டலாம் என்ற வசதி கிட்டின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. டாமியா பழைய கார்களை மீண்டும் வார்த்தது: ஹார்னெட் 2004, கிராஸ்ஹாப்பர் 2005, சாண்ட் ஸ்கார்ச்சர் 2010. முன்பு சிறுவர்களாக இவற்றைக் கட்டியவர்களே இப்போதும் ஆவலோடு வாங்குகிறார்கள். இளைஞர் பக்கத்தில் நிகழ்ந்த புதுமை பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2016இல் எஃப்1டென்த் என்ற பெயரில் தொடங்கிய போட்டியில், பத்தில் ஒரு பங்கு அளவிலான இதே கார்களில் கணினியும் லேசர் உணரியும் பொருத்தி, ஓட்டுநரின்றி ஓட விடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட் பெட்டியில் பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், சர்வோ, பேட்டரி, சார்ஜர் இருப்பதில்லை. அவற்றைத் தனியே வாங்க வேண்டும்.