போர் மிச்சத்தில் வந்த ஆசிலோஸ்கோப்

ரேடியோ ரிப்பேருக்கு மீட்டர் மட்டும் போதாது நண்பர்களே. சிக்னல் எங்கே கெடுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், அமெரிக்காவிலும் சின்னக் கடைக்காரர்களுக்கு அது எட்டாக்கனிதான்.

எட்வர்ட் ஹீத் தொடங்கிய கம்பெனி விமான கிட் விற்று வந்தது. 1931-ல் சோதனைப் பறப்பில் அவர் இறந்துபோக, 1935-ல் ஹோவர்ட் ஆன்டனி கம்பெனியை வாங்கினார். போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட எலக்ட்ரானிக் பாகங்களை மொத்தமாக வாங்கினார். 1947-ல் வந்தது ஹீத்கிட் ஆசிலோஸ்கோப். விலை 39.50 டாலர். சால்டரிங் வாங்கியவர் பொறுப்பு!

காமர்ஸ் கணக்கில் மலிவுக்கு இரண்டே காரணம்: அடிமாட்டு விலைக்குப் பாகங்கள், பூட்டும் கூலி மிச்சம். பின்னாளில் தொழிற்சாலைகளே மலிவாகப் பூட்டத் தொடங்கியதும் கிட்டின் லாபம் போனது. 1992-ல் ஹீத்கிட் விற்பனையை நிறுத்தியது.

தானே பூட்டியவருக்கு, பழுதானால் எங்கே கை வைப்பது என்றும் தெரிந்திருந்தது. 39.50 டாலரில் அந்தப் படிப்பும் அடக்கம்.