நெடுமரமும் நீரின் பற்றும்

கலிபோர்னியாவின் கடலோரச் சாரல்களில், மூடுபனியினூடே வளரும் ரெட்வுட் விருட்சங்களுள் சில 110 மீட்டரையும் கடந்து ஓங்கி நிற்கின்றன. இதயமோ இயந்திரமோ இல்லாத ஒரு மரம் அத்தனை உயரத்திலுள்ள இலைகளுக்கு வேரிலிருந்து நீரை எவ்வாறு ஏற்றுகிறது என்ற வினா, பௌதிக சாஸ்திரிகளையும் தாவர சாஸ்திரிகளையும் நெடுங்காலம் திகைக்க வைத்தது. ஒரு குழாயின் மேற்புறத்துக் காற்றை முற்றும் அகற்றிவிட்டாலும், வெளிக்காற்றின் அழுத்தம் நீரை ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் தள்ளாது. தண்டின் உயிரணுக்களே நீரை இறைக்கின்றனவோ என்று ஆராய்ந்த ஜெர்மானியப் பேராசிரியர் எட்வர்டு ஸ்ட்ராஸ்பர்கர், ஓங்கிய மரங்களை அடியில் அறுத்து நச்சுத் திராவகங்களில் நிறுத்தினார்; நஞ்சு வழியிலுள்ள உயிரணுக்களைக் கொன்றுகொண்டே மேலேறிற்று; இலைகள் மாண்ட பின்னரே அவ்வேற்றம் நின்றது. இம்முடிவு 1891-இல் வெளிவந்திருந்தும், நம் ஜகதீச சந்திர போஸ் 1923-இல் வெளியிட்ட நூலில் உயிரணுக்களின் துடிப்பே காரணமென்று வாதித்தார். அப்பெரியாரிடத்து எனக்குள்ள பக்தி சிறிதன்று. ஆயினும் இவ்விஷயத்தில் பிரமாணங்கள் அவர் பக்கம் நிற்கவில்லை என்றே கூற வேண்டும்.

விடை, நீரின் சுபாவத்திலேயே அடங்கியிருக்கிறது. நீரின் மூலக்கூறில் பிராணவாயு அணுவோடு சேர்ந்த இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் நேர்க்கோட்டில் அமையாமல், சுமார் 104.5 பாகைக் கோணத்தில் ஒருபுறம் சாய்ந்திருக்கின்றன. எலெக்ட்ரான்களைப் பிராணவாயு தன்பால் அதிகமாக ஈர்த்துக்கொள்வதால் அது சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன்கள் சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. ஆகவே ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் பிராணவாயுவை நாடுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் இவ்வுறவு, மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டும் பந்தத்தின் வலிமையில் இருபதில் ஒரு பங்கு அளவினதே. ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு போன்ற நுண்கால அளவிலேயே அறுந்து, வேறொன்றோடு மீண்டும் இணைவது. எனினும் ஒவ்வொரு மூலக்கூறும் ஏறக்குறைய நான்கு அயல்மூலக்கூறுகளை ஒரே காலத்தில் பற்றியிருப்பதால், அற்பமான இப்பற்றுகளின் கூட்டுப்பலன் அளவிறந்ததாகிறது. இதே அமைப்புடைய ஹைட்ரஜன் சல்பைடு, நீரைவிடக் கனமான மூலக்கூறுடையதாயினும், பூஜ்யத்துக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்து ஆவியாகிறது. நீருக்கோ 100 பாகை வெப்பம் வேண்டியிருக்கிறது.

தன்னினத்தைப் பற்றும் நீர் பிறவற்றையும் பற்றும். கண்ணாடியின் மேற்பரப்பிலும் மரத்தின் செல்லுலோஸிலும், அதே வகைப் பிணைப்புக்கு இடந்தரும் பிராணவாயுவும் ஹைட்ரஜனும் உள்ளன. நுண்குழாயில் நீர் சுவரைப் பற்றி ஏறுவதும், சுவரைக் காட்டிலும் தன்னையே மிகுதியாகப் பற்றும் பாதரசம் கீழே தாழ்வதும் இதனாலேதான். துளை குறுகக் குறுக ஏற்றம் மிகும் என்ற நியதியை 1718-இல் ஜேம்ஸ் ஜூரின் எடுத்துரைத்தார். அக்கணக்கின்படி, 0.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரநாளத்தில் நீர் சுமார் 60 சென்டிமீட்டரே ஏறும். நூறு மீட்டர் எங்கே, இது எங்கே!

இருவகைப் பற்றையும் ஒருங்கே கண்டு 1894-இல் விளக்கம் தந்தவர்கள், டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சார்ந்த ஹென்றி டிக்ஸனும் ஜான் ஜோலியுமாவர். நாளங்கள் குறுகியிருப்பது மட்டும் காரியமன்று. இலையின் செல்சுவர்களில் அவற்றினும் பன்மடங்கு நுண்ணிய துவாரங்கள் உள்ளன. வெயிலில் நீர் ஆவியாகும்போது, அத்துவாரங்களின் சுவரைப் பற்றிநிற்கும் நீர்ப்பரப்பு உட்குழிந்து தன் பின்னுள்ள நீரை இழுக்கிறது. அந்நீர் தன் பின்னதை இழுக்கிறது. இவ்வாறு இலையிலிருந்து வேர்நுனி வரை, நீர் ஒரே கயிறுபோல் இழுபடுகிறது. நூறு மீட்டர் நீரின் பாரத்தைத் தாங்குவதற்கு மட்டுமே சுமார் 10 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுவிசை வேண்டும். நாளங்களில் உராய்வை வெல்ல மேலும் வேண்டும். ஒரு திரவத்தை இங்ஙனம் இழுத்துப் பிடிக்கலாம் என்பதையே அக்காலத்தில் பலர் நம்ப மறுத்தனர். வெட்டிய கிளையை அழுத்தக் கலத்திலிட்டு, வெட்டுவாயில் நீர் மீண்டும் தோன்றும்வரை வாயுவைச் செலுத்தி அவ்விழுவிசையை அளக்கும் முறையை, 1965-இல் ஷோலாண்டரும் அவர் துணைவர்களும் வெளியிட்டனர்.

இழுபட்டு நிற்கும் நீருக்கு அபாயம் காற்றுக்குமிழியால் வருகிறது. ஒரு குமிழி புகுந்தால் அந்த நாளத்தின் நீர்த்தொடர் அறுந்துபோகும். ஊசியிலை மரங்களில் நாளங்களுக்கிடையேயுள்ள குழிகளின் மெல்லிய சவ்வு, அக்கணமே ஒருபுறம் ஒதுங்கி வாயிலை அடைத்து, அயல்நாளங்களைக் காக்கிறது. உயரம் மிகமிக இழுவிசை மிகுந்து, இலைகளும் சிறுத்துத் தடிக்கின்றன. ரெட்வுட் மரங்களின் உச்சிக்கே ஏறி அளந்த ஆய்வாளர்கள், எவ்விதச் சேதமும் நேராவிடினும் அவை 122 முதல் 130 மீட்டருக்கு மேல் வளர இயலாதென்று 2004-இல் கணித்திருக்கிறார்கள்.